டயாலிசிஸ் செய்யும் அப்பாவுக்குத் தீராத அரிப்பு: சொல்லாமல் இருந்தால் மருந்து எப்படிக் கிடைக்கும்?

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்து, மூன்று ஆண்டுகளாக வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஆறு மாதமாக உடம்பெல்லாம் அரிப்பு, முதுகில்தான் அதிகம். ராத்திரி முழுக்கச் சீப்பை வைத்துச் சொறிகிறார். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையைக்கூட விடுவதில்லை. போர்வையில் ரத்தக்கறை. எங்கள் தூக்கம் கெடக் கூடாதென்று ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறார். அம்மா ‘கரப்பான் பண்டம்’ (அரிப்பைக் கிளப்பும் உணவு) என்று கத்தரிக்காய், இறால், முட்டை, கருவாடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். மருந்துக்கடை அலர்ஜி மாத்திரையில் தூக்கம் வருகிறது, அரிப்பு போகவில்லை. அத்தை, தன் கால் எரிச்சலுக்குச் சாப்பிடும் காபாபென்டினைக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார். மெஷின் ரத்தத்தைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லையா? பேரப்பிள்ளைகளுக்குத் தொற்றுமா? தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா? டயாலிசிஸ் நிலையத்தில் இதைப் பற்றிச் சொல்ல அப்பா மறுக்கிறார்.
— சிங்கப்பூர், ஈசூன் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அத்தையின் காபாபென்டினை அப்பாவுக்குக் கொடுக்காதீர்கள். அந்த மருந்து உடம்பை விட்டு வெளியேறுவது சிறுநீர் வழியாகத்தான். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு 300 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு மூன்று முறை ஒத்துக்கொள்ளும். அதே அளவு அப்பாவுக்குப் போனால் வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே சேர்ந்துகொண்டு போகும். தலைசுற்றல், பேச்சுக் குழறல், கைகால் வெட்டி வெட்டி இழுப்பது, எழுப்பினாலும் எழாத மயக்கம் என்று ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டுவிடும். ஆனால் இதே மருந்து, சரியான அளவில், டயாலிசிஸ் நோயாளிகளின் அரிப்புக்கு இன்று நம்மிடம் இருக்கும் நல்ல மருந்துகளில் ஒன்று. அதைப் பின்னால் விளக்குகிறேன்.

நான் டயாலிசிஸ் தாதி. பல ஆண்டுகளாக இந்த நாற்காலிகளுக்கு நடுவில்தான் என் வேலை. ஊசி குத்தும்போது கையில் நகக்கீறல் தெரியும். நாற்காலியின் சாய்வில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருப்பதும் தெரியும். “அரிக்குதா அங்கிள்?” என்று கேட்டால், “இல்லம்மா, லேசா” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள். உங்கள் அப்பாவும் அப்படித்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். வாரத்துக்கு மூன்று நாள் பிள்ளைகளை அலைய வைக்கிறோமே என்ற எண்ணம் ஏற்கெனவே இருக்கும். அதற்கு மேல் இது ஒரு புகாரா என்று தோன்றும். டயாலிசிஸ் என்றால் இதெல்லாம் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று அவரே முடிவு செய்திருப்பார்.

அவர் மட்டும் இப்படி இல்லை. பல நாடுகளில் டயாலிசிஸ் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்றில், பத்தில் ஏறத்தாழ நான்கு பேர் மிதமான அல்லது கடுமையான அரிப்பால் அவதிப்பட்டார்கள். எப்போதும் அல்லது ஏறக்குறைய எப்போதும் அரிப்பால் தொல்லைப்பட்டவர்களில் 17 விழுக்காட்டினர் அதை எந்த மருத்துவரிடமும் தாதியிடமும் சொல்லவே இல்லை. ஏறத்தாழ 70 விழுக்காடு நிலையங்களில், பொறுப்பு மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளில் எத்தனை பேருக்கு அரிப்பு இருக்கிறது என்பதைக் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். நோயாளி சொல்வதில்லை, நாங்களும் ரத்த அழுத்தம், எடை, ரத்தப் பரிசோதனை என்று ஓடுகிறோம். இரண்டு பக்கமும் வாய் திறக்காமலே மாதங்கள் போய்விடுகின்றன. ஆகவே உங்கள் கேள்விகளிலேயே எனக்குப் பெரிதாகப் படுவது கடைசியில் எழுதிய அந்த வரிதான்: அப்பா சொல்ல மறுக்கிறார்.

அவரை வற்புறுத்த வேண்டாம். சமையலறைச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்குகிறதா? தினமும் காலையில் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். “அரிப்பே இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியலைன்னா பத்து. நேத்து ராத்திரி ரொம்ப மோசமா இருந்தப்ப எத்தனைப்பா?” அவர் சொல்லும் எண்ணை அந்தத் தேதித்தாளில் எழுதுங்கள். தூக்கம் எத்தனை மணி நேரம் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். தாள்களைக் கிழித்துப் போட்டுவிடாமல் இரண்டு வாரம் சேர்த்து வைத்து, டயாலிசிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்த் தாதியிடம் கொடுங்கள். இது நானாகக் கண்டுபிடித்த வழி இல்லை. மருந்து ஆய்வுகளிலும் அரிப்பை இந்தப் பூஜ்யம் முதல் பத்து அளவில்தான் அளக்கிறார்கள். நாலு, அதற்கு மேல் என்றால் மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டிய அரிப்பு என்று அர்த்தம். “லேசா அரிக்குது” என்பதை யாரும் கேட்டுவிட்டு மறந்துவிடலாம். “14 நாளில் 11 நாள் எட்டுக்கு மேல், தூக்கம் மூன்று மணி நேரம்” என்று தாளில் இருந்தால் அது மருத்துவக் குறிப்பில் ஏறிவிடும். முதுகையும் கையையும் கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது.

சரி, இந்த அரிப்பு எங்கிருந்து வருகிறது? அம்மா நினைப்பது போலச் சாப்பாட்டால் இல்லை, நீங்கள் பயப்படுவது போல மெஷினின் தவறு மட்டும் என்றும் சொல்ல முடியாது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வியர்வைச் சுரப்பிகள் சுருங்கித் தோல் காய்ந்துபோகிறது. சிங்கப்பூரின் இந்தப் புழுக்கத்திலும் அவர்களுடைய காலில் தோல் வெள்ளை வெள்ளையாக உரிவதைப் பார்க்கலாம். உடம்பில் ஓயாத லேசான அழற்சி இருக்கிறது. அரிப்பைக் கடத்தும் நரம்புகளின் கட்டுப்பாடு தளர்ந்துபோகிறது. உடம்பே சுரக்கும் ஓப்பியாய்டு (அபின் போன்ற) வகைப் பொருள்களில் ஒரு பக்கம் அரிப்பைத் தூண்டும், இன்னொரு பக்கம் அடக்கும். இவர்களுக்கு அடக்கும் பக்கம் பலவீனமாகிவிடுகிறது என்பது இன்றைய புரிதல். இதனால்தான் தோலில் தடிப்போ கொப்புளமோ இல்லாமலே அரிக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்குச் சொறிந்த காயம் மட்டும்தான் தெரியும்.

அலர்ஜி மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அந்த மாத்திரை ஹிஸ்டமின் என்ற பொருளைத் தடுக்கிறது. கொசுக்கடி, இறால் அலர்ஜி போன்றவற்றில் அரிப்பைக் கிளப்புவது அதுதான். அப்பாவின் அரிப்பில் ஹிஸ்டமினுக்குப் பெரிய பங்கு இல்லை. மாத்திரை தருவது தூக்கத்தை மட்டுமே. அதிலும் குளோர்ஃபெனிரமின் என்ற அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை வயதானவர்களுக்குத் தள்ளாட்டம் தரும், ராத்திரி கழிவறைக்குப் போகும்போது விழ வைக்கும். வாயையும் வறட்டிவிடும். வாய் வறண்டால் தண்ணீர் குடிப்பார், தண்ணீர் குடித்தால் இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் எடை ஏறும், எடை ஏறினால் அடுத்த முறை அதிக நீரை எடுக்க வேண்டிவந்து ரத்த அழுத்தம் சரியும். அரிப்புக்கு என்று கொடுத்தது எங்கே போய் நிற்கிறது, பாருங்கள். என் ஆலோசனை, அதை அவராகவே தொடர வேண்டாம், மருத்துவரைக் கேட்டு நிறுத்திவிடுங்கள்.

இது டயாலிசிஸ் அரிப்புதான் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். பேரப்பிள்ளைகளுக்குத் தொற்றுமா என்று கேட்டீர்கள். சிறுநீரக அரிப்பு தொற்றாது. பிள்ளைகள் தாத்தா மடியில் தாராளமாக உட்காரட்டும். ஆனால் சொறிசிரங்குப் பூச்சி தொற்றும், அதுவும் ராத்திரியில்தான் பிடுங்கும். அப்பாவின் விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, தொப்புளைச் சுற்றி, மர்ம உறுப்புப் பக்கம் சின்னச் சின்னப் பருக்கள் இருக்கின்றனவா? வீட்டில் அம்மாவுக்கோ பணிப்பெண்ணுக்கோ பிள்ளைகளுக்கோ கூட அரிக்கிறதா? முதியோர் பராமரிப்பு நிலையத்துக்குப் போய்வருகிறாரா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் பலதுறை மருந்தகத்திலோ வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கிலோ உடனே காட்டுங்கள். பூச்சி என்றால் வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் கிரீம் தடவ வேண்டும்.

டயாலிசிஸ் தொடங்கியதும் கிளம்பி, வீட்டுக்கு வந்ததும் அடங்குகிற அரிப்பு என்றால் அது வேறு கதை. வடிகட்டி, ஒட்டும் பிளாஸ்டர், கையைத் துடைக்கும் மருந்து, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் இவற்றில் ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அப்போது நாற்காலியில் இருக்கும்போதே தாதியைக் கூப்பிட வேண்டும். மூச்சு முட்டல், உதடு வீக்கம் சேர்ந்து வந்தால் ஒரு நொடிகூடக் காத்திருக்கக் கூடாது. ஈரல் கோளாறு, தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை ஆகியவையும் அரிப்பைத் தரும். அவற்றை மருத்துவர் ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்வார்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. எல்லாவற்றிலும் எளிதானது, எல்லாரும் அரைகுறையாகச் செய்வதும் இதுதான்: தோலுக்கு ஈரம் கொடுப்பது. “கிரீம் எல்லாம் போட்டுப் பாத்தாச்சு சிஸ்டர், ஒண்ணும் ஆகல” என்பார்கள். எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டால், ஒரு சின்ன டியூப் இரண்டு மாதமாக வருகிறது! பெரியவர் ஒருவரின் உடம்பு முழுக்க ஒரு தடவை பூச 20 முதல் 30 கிராம் வேண்டும். காலையும் மாலையும் பூசினால் 500 கிராம் டப்பா பத்து நாளைக்குத்தான் வரும். ஆகவே விலை உயர்ந்த சின்ன டியூப்பை வாங்கிச் சிக்கனம் பிடிப்பதைவிட, வாசனை சேர்க்காத மலிவான பெரிய டப்பாவை வாங்கி வாரிப் பூசுங்கள். ஏக்குவஸ் கிரீம் வாங்குவதானால் சோடியம் லாரில் சல்ஃபேட் இல்லாத வகையா என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குங்கள், அந்தச் சல்ஃபேட் தோலைக் காந்த வைக்கும். யூரியா கலந்த கிரீம் நல்லதுதான், ஆனால் சொறிந்து புண்ணான இடத்தில் எரியும். முதலில் புண் ஆறட்டும்.

பூசும் விதமும் முக்கியம். குளியல் ஐந்து, பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஹீட்டரை முழுச் சூட்டில் வைக்காதீர்கள். சுடுதண்ணீர் பட்டால் அரிப்புக்கு அந்த நேரத்தில் சுகமாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் இரட்டிப்பாகத் திரும்பிவரும். குளிக்கும் தண்ணீரில் டெட்டால் ஊற்றும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு, அதை விட்டுவிடுங்கள். பீர்க்கங்காய் நாரும் வேண்டாம். குளித்ததும் துண்டால் ஒற்றியெடுத்து, உடம்பில் இன்னும் ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் பூச வேண்டும். கழுத்திலிருந்து இடுப்பு நோக்கி, தோளிலிருந்து விரல் நோக்கி, முடி படிந்திருக்கும் திசையில் நீவி விடுங்கள். அழுத்தித் தேய்த்தால் அதுவே அரிப்பைக் கிளப்பும். முதுகு அவருக்கு எட்டாது. மகளிடம் முதுகைக் காட்டக் கூச்சப்படுவார் என்றால் அம்மாவோ பேரனோ செய்யட்டும். டப்பாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பூசினால் அந்தக் குளிர்ச்சியே அரிப்பைக் கொஞ்சம் அடக்கும்.

மூன்று எச்சரிக்கை. கிரீம் பூசிய காலோடு கழிவறைத் தரையில் நடந்தால் வழுக்கும், செருப்பு போடச் சொல்லுங்கள். பாரஃபின் கலந்த கிரீம் ஊறிய துணி சீக்கிரம் தீப்பிடிக்கும். சாமி விளக்கு ஏற்றும்போது, சிகரெட் பிடிப்பவராக இருந்தால் அப்போதும், கவனம். அப்புறம், டயாலிசிஸ் நாள் காலையில் ஃபிஸ்டுலா கையில் மட்டும் கிரீமோ எண்ணெயோ தடவ வேண்டாம். பிசுபிசுப்பு இருந்தால் ஊசியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டர் ஒட்டாது. நாலு மணி நேரம் ரத்தம் ஓடுகிற இடத்தில் ஊசி நழுவுவது சாதாரண விஷயம் இல்லை.

ஃபிஸ்டுலா கையைச் சொறிகிறார் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது. அந்தக் கை அவருடைய உயிர்நாடி. நகத்தில் இருக்கும் கிருமி அந்தக் கீறல் வழியாக ரத்தத்துக்குள் போனால் படுக்கையில் போட்டுவிடும், சர்க்கரை உள்ளவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல். நகத்தை ஒட்ட வெட்டி அரத்தால் தேய்த்துவிடுங்கள். சீப்பை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, அதற்குப் பதில் நனைத்துப் பிழிந்த துண்டைப் பக்கத்தில் வையுங்கள். அரிக்கும் இடத்தில் அதைப் பத்து நிமிடம் போட்டு வைக்கட்டும், இல்லாவிட்டால் உள்ளங்கையால் அழுத்தட்டும். ராத்திரி பருத்திக் கைலி, பருத்திக் கையுறை. அந்தக் கையில் சிவப்பு, சூடு, சீழ், அல்லது காய்ச்சல், குளிர் நடுக்கம் இருந்தால் அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திருக்காமல் உடனே நிலையத்தைத் தொலைபேசியில் அழையுங்கள். இரவு நேரமென்றால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கோடாலித் தைலம், புலித் தைலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. கீறிய தோலில் அவை நெருப்பாக எரியும். வேப்பிலை அரைத்துப் பூசுவதும் காயத்தில் வேண்டாம். தேங்காய் எண்ணெய் பரவாயில்லை, ஈரத் தோலில் மெல்லத் தடவலாம். உள்ளுக்குச் சாப்பிடும் கஷாயம், பொடி எதுவானாலும் கூடவே கூடாது. பொட்டாசியம் எவ்வளவு ஏறும் என்று யாருக்கும் தெரியாது. உடம்புச் சூடு தணியும் என்று யாராவது நட்சத்திரப் பழம் கொடுத்தால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அதில் இருக்கும் நஞ்சு சிறுநீரகம் இல்லாத உடம்பில் தங்கி மூளையைத் தாக்கும். ஒரு பழம்கூடப் பலருக்கு விடாத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போயிருக்கிறது, உயிரும் போயிருக்கிறது. பெயர் விவரம் இல்லாமல் கைமாறி வரும் ‘ஒரே நாளில் குணம்’ கிரீம்களும் வேண்டாம். இப்படிப்பட்டவற்றில் சொல்லாமல் கலந்த கடும் ஸ்டீராய்டு இருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பல முறை எச்சரித்திருக்கிறது.

இப்போது அம்மாவின் கரப்பான் கணக்கு. அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். பல தலைமுறையாக வீட்டுப் பெண்கள் கைமாற்றிக் கொடுத்த அறிவை வைத்து, கணவருக்காகத் தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறார். ஆனால் இந்த அரிப்புக்கும் கத்தரிக்காய்க்கும் சம்பந்தம் இல்லை. இறாலோ முட்டையோ சாப்பிட்ட சிறிது நேரத்தில் உடம்பு தடித்துச் சிவந்து வீங்கினால் மட்டும் அது அலர்ஜி, அப்போது நிறுத்தலாம். அப்படி இல்லாமல் முட்டையையும் இறாலையும் நிறுத்துவதில் எனக்குப் பயம் இருக்கிறது. டயாலிசிஸ் செய்பவருக்குப் புரதம் கூடுதலாக வேண்டும், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம். அறுபது கிலோ எடையுள்ளவர் என்றால் தினமும் 60, 70 கிராம். ரசமும் சோறும் சாப்பிட்டு இதை எட்ட முடியாது. முட்டையின் வெள்ளைக்கரு அவருக்குக் கிடைக்கும் அருமையான புரதம், அதில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. கத்தரிக்காயில் மற்றப் பல காய்களைவிடப் பொட்டாசியம் குறைவு. இரண்டையும் திருப்பிக் கொடுங்கள். கருவாட்டை நிறுத்தியது மட்டும் சரி, ஆனால் காரணம் வேறு: உப்பு.

பாஸ்பேட் (உணவில் இருக்கும் பாஸ்பரஸ்) பற்றி ஒரு வார்த்தை. பாஸ்பேட் கூடினால் அரிப்பு கூடும் என்று வெகுகாலமாக நோயாளிகளிடம் சொல்லிவந்திருக்கிறோம். பெரிய ஆய்வுகளில் அந்தத் தொடர்பு அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. எல்லா எண்ணும் நன்றாக இருந்தும் ராத்திரி முழுக்கச் சொறிபவர்கள் இருக்கிறார்கள். எலும்புக்காகவும் ரத்தக்குழாய்க்காகவும் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். பருப்பில் இருப்பதைவிடச் சாசேஜ், நகெட், கறுப்புக் கோலா பானங்களில் சேர்க்கும் பாஸ்பேட்தான் மோசம், அது ஏறக்குறைய முழுவதும் ரத்தத்தில் ஏறிவிடும். பாஸ்பேட் ரத்தத்தில் ஏறாமல் தடுக்கும் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு நடுவில் போட வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் பயனில்லை. காப்பிக் கடையில் சாப்பிடும் நாளுக்காகச் சட்டைப் பையில் இரண்டு மாத்திரை இருக்கட்டும். ஆனால் “நீங்க வாயைக் கட்டல, அதான் சொறியுது” என்று மட்டும் யாரும் அவரிடம் சொல்ல வேண்டாம். அது உண்மையும் இல்லை, அதைக் கேட்டால் இன்னும் வாயை மூடிக்கொள்வார்.

மெஷின் கேள்விக்கு வருகிறேன். ரத்தம் போதுமான அளவு சுத்தமாகிறதா என்பதை அளக்க கேடி/வி என்று ஓர் எண் உண்டு. வாரம் மூன்று முறை செய்பவருக்கு அது ஒவ்வொரு முறையும் குறைந்தது 1.2 இருக்க வேண்டும், 1.4 எட்டினால் நல்லது. அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வரும்போது அந்த எண்ணையும், கூடவே பாஸ்பேட், கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் எண்களையும் கேட்டு வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எண் குறைந்தால் முதலில் அப்பாவையே கேளுங்கள்: நேரம் முடிவதற்கு முன்பே “போதும், கழட்டிவிடுங்க” என்கிறாரா? அரிப்பு தாங்காமல் சீக்கிரம் கிளம்புபவர்கள் உண்டு. நாலு மணி நேரத்தில் அரை மணி நேரம் போனால், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரச் சுத்திகரிப்பு போய்விடுகிறது. எண் சரியாக இருந்தும் அரிக்கிறது என்றால் மெஷின் மீது பழி இல்லை, அடுத்தது மருந்துதான்.

மருந்து என்றால் முன்பே சொன்ன காபாபென்டின், அல்லது அதன் உறவான பிரிகாபலின். டயாலிசிஸ் அரிப்புக்கு இவற்றைத் தொடங்கும் அளவு மிகச் சிறியது. காபாபென்டின் 100 மில்லிகிராம், அதுவும் தினமும் இல்லை, டயாலிசிஸ் முடிந்த பிறகு மட்டும், வாரத்துக்கு மூன்று முறை. டயாலிசிஸ் அந்த மருந்தை வெளியே இழுத்துவிடும் என்பதால் முடிந்த பிறகு கொடுக்கிறோம். தேவைப்பட்டால் மருத்துவர் மெல்ல மெல்ல ஏற்றுவார். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கான நாளொன்றுக்கு 900 எங்கே, இது எங்கே! அப்பாவுக்குச் சர்க்கரையால் கால் எரிச்சல் இருந்து, வேறு மருத்துவர் இதே வகை மருந்தை ஏற்கெனவே கொடுத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். இரண்டு இடத்தில் இரண்டு பெயரில் ஒரே வகை மருந்து வாங்கிச் சாப்பிடுவது நடக்கக்கூடியதுதான். தொடங்கிய முதல் இரண்டு வாரம் தள்ளாட்டம், அதிகத் தூக்கம், குழப்பம் தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் டயாலிசிஸ் நிலையத்தை அழையுங்கள்.

புதிதாக டிஃபெலிகெஃபாலின் என்று ஒரு மருந்து வந்திருக்கிறது. டயாலிசிஸ் அரிப்புக்கென்றே உருவாக்கியது. 2021இல் அமெரிக்காவும் 2022இல் ஐரோப்பாவும் ஒப்புதல் கொடுத்தன. டயாலிசிஸ் முடியும் நேரத்தில் அந்தக் குழாய் வழியாகவே செலுத்துவார்கள், கூடுதல் ஊசி இல்லை. நான் மேலே சொன்ன ‘அடக்கும் பக்கத்தை’ அது பலப்படுத்துகிறது. ஆய்வில், 12 வாரத்தில் அரிப்பு குறிப்பிடும்படி குறைந்தவர்கள் இந்த மருந்து எடுத்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர், ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி ஊசி பெற்றவர்களில் கால்வாசிக்குச் சற்று மேல். எல்லாருக்கும் கேட்கும் மருந்து இல்லை என்பதும் அந்தக் கணக்கிலேயே தெரிகிறது. அப்பாவுக்குப் பொருந்துமா, செலவு என்ன என்பதைச் சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள். செலவுதான் தடை என்றால் மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும் என்று அதே நாளில் சொல்லிவிடுங்கள், நிறையக் குடும்பங்கள் இதைக் கேட்கவே தயங்குகின்றன.

மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு யூவிபி என்ற புற ஊதா ஒளிச் சிகிச்சை உண்டு. மண்டலே ரோட்டில் உள்ள தேசியச் சரும நிலையத்தில் செய்கிறார்கள். பலன் தரக்கூடியது. ஆனால் அதற்கும் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை போய்வர வேண்டும். ஏற்கெனவே மூன்று நாள் டயாலிசிஸுக்கு அலைபவரை மீதி நாளிலும் டாக்சியில் ஏற்றுவது எல்லாருக்கும் முடியாது, ஆகவே என் மனத்தில் இது முதல் வழி இல்லை. சொறிந்து சொறிந்து கட்டியாகத் தடித்த புண்கள் வந்துவிட்டிருந்தால் மட்டும் சரும மருத்துவரை முன்னதாகவே பார்ப்பது நல்லது. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தவர்களுக்குப் பெரும்பாலும் இந்த அரிப்பு நீங்கிவிடுகிறது.

தூக்கம் இல்லாத ஆறு மாதம் மனத்தையும் அரித்துவிடும். பேசுவது குறைந்திருக்கிறதா, “எதுக்கு இந்த டயாலிசிஸ்” என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறாரா? இருந்தால் அதையும் தாதியிடம் சொல்லுங்கள், அரிப்பைப் போலவே அதற்கும் உதவி உண்டு. பூச்சி இல்லை என்று உறுதியானதும் அவரை ஹாலிலிருந்து அறைக்குள் கூட்டி வாருங்கள்.

தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குத் தடையில்லை. நல்லெண்ணெயை மிளகு, மிளகாய் போட்டுக் காய்ச்சாமல், லேசாக வெதுவெதுப்பாக்கி, காயம் இல்லாத இடத்தில் தடவுங்கள். ஃபிஸ்டுலா மேல் அழுத்தித் தேய்க்க வேண்டாம். சீயக்காயும் கடலை மாவும் தோலை இன்னும் காய வைக்கும், மென்மையான சோப்பில்லாத குளியல் திரவமே போதும், பிறகு வழக்கம்போலக் கிரீம். பக்கத்தில் ஆள் நிற்கட்டும், எண்ணெய்த் தரை வழுக்கும். தீபாவளி அவருடைய டயாலிசிஸ் நாளில் வந்தால், நாளை மாற்ற முடியுமா என்று இப்போதே நிலையத்தில் கேட்டு வையுங்கள். விருந்துக்காக ஒரு முறை போகாமல் விடுவது மட்டும் வேண்டாம்.